ஸ்பிரிட் வேண்டாம் தம்பி: ரத்தத்தில் சாராயம் அளந்த நூறு வருஷக் கதை

போன வாரம் நைட் டியூட்டி. புதுசா சேர்ந்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, குடிச்சிருக்காரான்னு பார்க்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் வெச்சுத் துடைக்கக் கூடாதுன்னு ஃபாரன்சிக்ல படிச்சோம். ஆனா ஸ்பிரிட்தான் பத்து செகண்ட்ல காஞ்சிருதே. அதுல என்ன ஆயிடப் போகுது?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பிச்சேன், நடுவுல ஒரு பாம்புக்கடி வந்துருச்சு. அதனால மிச்சத்தை இங்கே எழுதறேன். த்ரெட் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

முதல்ல என் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், வேற ஊர். டூவீலர்ல வந்தவரை லாரி அடிச்சிருச்சு. போலீஸ் மனு கொடுத்தாங்க, ரத்தம் எடுத்தேன், சீல் வெச்சு அனுப்பினேன். அவர் ரெண்டு நாள்ல இறந்துட்டார். ரிப்போர்ட் மாசக்கணக்கில் கழிச்சு வந்தது: 100 மில்லி ரத்தத்தில் 38 மில்லிகிராம் எத்தனால். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு சொல்ற வரம்பு 30.

அப்புறம் நஷ்ட ஈட்டு வழக்கில் எனக்கு சம்மன். இன்சூரன்ஸ் தரப்பு "குடிச்சுட்டு ஓட்டினார், தப்பில் அவருக்கும் பங்கு உண்டு" என்றது. அந்த அம்மாவோட வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், ஊசி குத்துறதுக்கு முன்னாடி எதை வெச்சுத் துடைச்சீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. ரிக்கார்டிலும் எழுதலை. கேஷுவாலிட்டி டிரேயில் பஞ்சு எப்பவும் ஸ்பிரிட்டில் ஊறித்தான் கிடக்கும். "நினைவில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வாசல்ல அந்த அம்மா ரெண்டு பசங்களோட நின்னாங்க. 30க்கும் 38க்கும் நடுவுல இருக்கிற அந்த எட்டு மில்லிகிராம் அவர் குடிச்சதா, என் பஞ்சிலிருந்து வந்ததா? அன்றைக்கு ஆரம்பிச்சதுதான் இந்தப் படிப்பெல்லாம்.

சரி, வரலாறு.

குடிச்சிருக்கானா என்று கண்டுபிடிக்க ரொம்ப காலம் இருந்த கருவி மூக்கு. வாயில் வாடை, தள்ளாட்டம், குழறல், கண்ணின் பாப்பா. இன்னைக்கும் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல முதல்ல எழுதறது அதைத்தான். ஆனா அது போதாதுன்னு உச்ச நீதிமன்றமே 1971இல் பச்சுபா ஹசனல்லி கரியானி வழக்கில் சொல்லிடுச்சு. வாடை வந்தது, நடை சரியில்லை, பேச்சு குழறினது, பாப்பா விரிஞ்சிருந்தது என்பதை மட்டும் வெச்சு ஒருத்தர் குடிச்சிருந்தார்னு முடிவு கட்ட முடியாது. தலையில் அடிபட்டவருக்கும் இதெல்லாம் வரும். சர்க்கரை ஏறி கீட்டோ அசிடோசிஸ்ல வர்றவர் வாயிலும் பழ வாடை அடிக்கும். "குடிகாரன் சார், ஓரமா படுக்க வைங்க" என்று சொல்லப்பட்ட ஆளுக்கு சுகர் பார்த்தா 500க்கு மேல. இதைப் பார்க்காத கேஷுவாலிட்டி டாக்டர் இருக்க மாட்டாங்க.

ஆக அளக்கணும். எப்படி அளக்கிறது? ரத்தம் என்பது வெறும் தண்ணியில்ல. புரோட்டீன், கொழுப்பு, சர்க்கரை, உப்பு, செல்லுன்னு குழம்பு மாதிரி ஒண்ணு. அதுல ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவா கரைஞ்சிருக்கிற, மூடியைத் திறந்தாலே ஓடிப்போற ஒரு பொருளைப் பிடிச்சு எடை போடணும்.

ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் விட்மார்க்னு ஒருத்தர். 1922இல் அவர் கொண்டுவந்த வழி ரொம்ப அழகு. விரல் நுனியிலிருந்து ஏறக்குறைய 100 மில்லிகிராம் ரத்தம், அதாவது ரெண்டு மூணு சொட்டு. ஒரு கண்ணாடிக் குடுவையின் அடியில் டைகுரோமேட் கலந்த கந்தக அமிலம். மூடியிலிருந்து தொங்குற குட்டிக் கிண்ணத்தில் அந்த ரத்தம். மூடிட்டு இதமா சூடு பண்ணினா, ரத்தத்தில் இருக்கிற சாராயம் ஆவியாகிக் கீழே அமிலத்தில் போய் விழும். டைகுரோமேட் எவ்வளவு செலவாச்சுன்னு டைட்ரேஷன் பண்ணிப் பார்த்தா கணக்கு கிடைச்சிடும். ரத்தம் கிண்ணத்திலேயே காய்ஞ்சு கிடக்கும். அதை யாரும் தொடவே இல்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, நாப்பது வருஷம் கழிச்சு இதே யோசனை வேற வேஷத்தில் திரும்பி வரும்.

இதன் பலவீனம் என்னன்னா, டைகுரோமேட்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. எத்தனாலா, மெத்தனாலா, மயக்கத்துக்குக் கொடுத்த ஈதரா, எது ஆவியா வந்தாலும் தின்னுட்டு நிறம் மாறும். 1951இல் ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் நம்ம கல்லீரலில் இருக்கிற ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதியையே வெச்சு அளக்கிற முறை வந்தது. அது எத்தனாலை நல்லாவே கண்டுபிடிக்கும். மெத்தனாலைப் பெரும்பாலும் கண்டுக்காது.

அதாவது ஒரு முறை ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்குது, இன்னொரு முறை ஒண்ணைப் பார்க்கவே மாட்டேங்குது. ஐரோப்பாவில் இது சின்னக் குறைதான். நம்ம ஊர்ல இதுதான் உயிர்ப் பிரச்சினை. ஏன்னு சொல்றேன்.

இந்தியாவில் விஷத்தைச் சோதிக்க அரசு வைத்த முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் எங்க வந்தது தெரியுமா? சென்னையில், 1849இல். அதுவும் சுகாதாரத் துறையின் கீழ். கல்கத்தாவுக்கே அடுத்துதான் வந்தது. சவப் பரிசோதனையில் எடுத்த இரைப்பையும் கல்லீரலும் ஜாடியில் அங்கே போகும். ஆர்சனிக், அபின், ஊமத்தை விதைதான் அந்தக் காலத்து வழக்கமான சரக்கு. அப்புறம் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கலைஞர் தளர்த்தி, சில வருஷத்தில் திரும்பவும் மூடி, 1981இல் எம்.ஜி.ஆர். திறந்து, 1983இல் டாஸ்மாக் வந்தது வரைக்கும் உங்களுக்கே தெரியும். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் மலையடிவாரத்து ஊறல் மட்டும் நிற்கவே இல்லை. அதில் எவனாவது "கிக்" ஏத்தறேன்னு தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்தா ஊரே காலி.

மெத்தனாலைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் இருந்தது நிறப் பரிசோதனை. திரவத்தைக் காய்ச்சி வடிச்சு, பெர்மாங்கனேட்டால் ஃபார்மால்டிஹைடா மாத்தி, குரோமோட்ரோபிக் அமிலத்தை விட்டா ஊதா நிறம் வரும். மெத்தனால் இருக்கா இல்லையான்னு சொல்லிடும். எத்தனாலோடு சேர்ந்திருக்கும்போது எது எவ்வளவுன்னு பிரிச்சு நம்பகமா அளக்கிறது கஷ்டம். பாட்டிலில் இருக்கிற சாராயத்துக்குப் பரவாயில்லை. ரெண்டு மில்லி ரத்தத்துக்கு?

இங்கேதான் கேஸ் குரோமட்டோகிராஃபி வருது. ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிஞ்ச் என்ற ரெண்டு இங்கிலாந்துக்காரங்க 1941இல் ஒரு கட்டுரை எழுதினாங்க. அதில் போகிற போக்கில் ஒரு விஷயம்: ஓடுற பொருள் திரவமாத்தான் இருக்கணும்னு இல்லை, வாயுவாவும் இருக்கலாம். பத்து வருஷம் அதை யாரும் கண்டுக்கலை. கடைசியில் மார்ட்டினே, டோனி ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து 1952இல் செஞ்சு காட்டினார். அதே வருஷம் மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1941 வேலைக்காக நோபல்.

தத்துவம் எளிது. நீளமான குழாய், உள்ளே ஒரு எண்ணெய்ப் பூச்சு. ஒரு வாயு தொடர்ந்து ஓடிக்கிட்டே இருக்கும். கலவையை ஆவியாக்கி வாசலில் விட்டா, பூச்சோடு ஒட்டாத பொருள் முதல்ல வெளியே வரும், ஒட்டிப் பழகுறது கடைசியா வரும். மெத்தனால் முன்னாடி, எத்தனால் பின்னாடி. சில நிமிஷம்தான். ரெண்டும் தனித்தனி மலையா தாளில் எழும்பும்.

ஆனா ஒரு நிபந்தனை. நம்ம கம்பம் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருப்பீங்க. எல்லா வண்டியும் ஒரே கொடியசைப்பில் கிளம்பணும். ஒண்ணு இப்போ, ஒண்ணு அரை நிமிஷம் கழிச்சுன்னு கிளம்பினா முடிவுக் கோட்டில் யார் முந்தினதுன்னு எப்படிச் சொல்றது? குழாய்க்குள்ள போற ஆவியும் அப்படித்தான். ஒரே கணத்தில், ஒரே கட்டியா, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் நுழையணும். இதைச் செய்யறதுதான் ஊசி. மொத்தக் கருவியிலும் அதிகமா தலைவலி கொடுத்தது இந்த ஊசிதான்னு எனக்குப் படுது.

அளவைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உள்ளே விடறது 1 மைக்ரோலிட்டர். நம்ம ஆஸ்பத்திரி 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு என்பது 25 மைக்ரோலிட்டர். அதில் இருபத்தஞ்சில் ஒரு பங்கு! இதுக்குன்னே கண்ணாடி மைக்ரோ சிரிஞ்சு வந்தது. நம்ம மருந்து வயல் மாதிரியே வாசலில் ஒரு ரப்பர் மூடி. அதைக் குத்திட்டு உள்ளே போனா 200, 250 டிகிரி சூட்டில் ஒரு கண்ணாடிக் குழல்.

அங்கே என்ன நடக்கும்? ஊசித் தண்டுக்குள்ளேயே அரை மைக்ரோலிட்டருக்கு மேல திரவம் நிற்கும். சூடான வாசலுக்குள் ஊசி போனதுமே, நாம பிஸ்டனைத் தள்றதுக்கு முன்னாடியே, அது தானா கொதிச்சு வெளியே வரும். சீக்கிரம் ஆவியாகிறது முதல்ல ஓடிடும், கனமானது ஊசிச் சுவரிலேயே ஒட்டிக்கும். 1 மைக்ரோலிட்டர்னு நாம நினைப்போம், உள்ளே போனது ஒண்ணரையா இருக்கலாம். கை நிதானமானவங்க குத்தினா ஒரு கணக்கு, அவசரக்காரங்க குத்தினா வேற கணக்கு. அதுக்குப் பல வித்தை கண்டுபிடிச்சாங்க. திரவத்தைக் குழலுக்குள் பின்னாடி இழுத்து ஊசியைக் காலியா வெச்சுக்கறது, வாசலில் சில செகண்ட் ஊசியைச் சூடாக விட்டு அப்புறம் டக்குன்னு தள்றது, திரவத்துக்கு முன்னும் பின்னும் காத்துக்குமிழி வெச்சு எவ்வளவு போச்சுன்னு கண்ணால அளக்கிறது. பிற்காலத்தில் இயந்திரக் கை வந்து கண் சிமிட்டுற நேரத்தில் குத்தி எடுத்தபோதுதான் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது.

அடுத்தது வீக்கம். 1 மைக்ரோலிட்டர் தண்ணி அந்தச் சூட்டில் ஆவியானா ஆயிரம் மடங்குக்கு மேல விரியும். கண்ணாடிக் குழலோட கொள்ளளவோ ஒரு மில்லி அளவுதான். கொள்ளாத ஆவி பின்பக்கமா வாயுக் குழாயிலும் ரப்பர் மூடியிலும் போய் ஒட்டிக்கும். அடுத்த சாம்பிள் போடும்போது மெதுவா திரும்பி வரும். அதாவது முன்னாடி போட்ட ஆள் குடிச்ச சாராயம், பின்னாடி போட்ட ஆளோட ரிப்போர்ட்டில் பேயா வந்து நிற்கும். அதனாலதான் நடுவில் வெறும் சாம்பிள் போட்டு, கோடு சுத்தமா இருக்கான்னு பார்க்கிறாங்க.

மூணாவது, இது ரத்தம். ஆட்டு ரத்தத்தை வாணலியில் போட்டா என்ன ஆகும்? ரத்தப் பொரியல் ஆகும். மனுஷ ரத்தமும் அதே. ஊசி அடைக்கும், குழல் கறுக்கும், குழாயோட தலைப்பு நாசமாகும்.

இதில் முதல் சிக்கலுக்கு எல்லாரும் மெச்சுற மாதிரி ஒரு தீர்வு இருக்கு. அளவைக் கட்டுப்படுத்த முடியலையா? கட்டுப்படுத்தவே வேண்டாம். ஒரு சாக்கு பச்சை மொச்சையில் எண்ணி நூறு சிவப்பு மொச்சையைப் போட்டு நல்லா கலந்துடுங்க. அப்புறம் எவ்வளவு அள்ளினாலும், பெரிய கையோ சின்னக் கையோ, பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள விகிதம் மாறாது. ரத்தத்தில் தெரிஞ்ச அளவு புரோப்பனாலை முதலிலேயே கலந்துட்டா, ஊசி எவ்வளவு விட்டாலும் எத்தனால் மலைக்கும் புரோப்பனால் மலைக்கும் உள்ள விகிதம் ஒண்ணுதான். இதுதான் இன்டர்னல் ஸ்டாண்டர்டு. 1966இல் இங்கிலாந்தில் கரி, வாக்கர், சிம்ப்சன் மூணு பேரும் ரத்தத்தை இப்படி நீர்த்து நேரடியா ஊசி போடுற முறையை வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே அங்கே 80 மில்லிகிராம் வரம்போடு சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ரத்தப் பொரியல் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. பத்து மடங்கு நீர்த்தாலும் ரத்தம் ரத்தம்தான்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1964இல், வியன்னாவில் காட்ஃப்ரீட் மக்காட்டா வேற வழியில் போயிட்டார். ரத்தத்தை எதுக்கு உள்ளே விடணும்? அதை ஒரு சின்ன பாட்டிலில் ஊத்தி, ரப்பர் மூடி போட்டு இறுக்கி, வெந்நீர்த் தொட்டியில் வை. மேலே காலியா இருக்கிற இடத்தில் ஆவி சேரும். அந்த ஆவியை மட்டும் எடு. ரசம் என்ன ரசம்னு பார்க்க நாம பாத்திரத்துக்குள்ள தலையை விடறதில்ல, மூடியைத் தூக்கினா போதும். விட்மார்க் கிண்ணத்தைத் தொங்கவிட்டாரே, அதே யோசனை.

இதுக்கு அடியில் இருக்கிறது ஹென்றி விதி. மூடின பாத்திரத்தில், ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில், கரைசலில் எவ்வளவு இருக்கோ அதுக்கு ஒரே விகிதத்தில்தான் மேலே ஆவி நிற்கும். 1803இல் இதைச் சொன்ன வில்லியம் ஹென்றி மான்செஸ்டர்காரர், பின்னாடி எடின்பரோவில் எம்.டி. முடிச்சவர். நம்ம ஆள்தான்!

ஆனா அந்த "ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில்" என்பதில்தான் எல்லாம் இருக்கு. தண்ணிக்கும் காத்துக்கும் நடுவில் எத்தனால் பிரியற விகிதம் 40 டிகிரியில் ஏறக்குறைய 1,355க்கு 1. 60 டிகிரியில் 511க்கு 1. 70க்குப் போனா 328. பத்து டிகிரி ஏறினா ஆவி ஒண்ணரை மடங்கு. ரப்பர் மூடி லேசா கசிஞ்சாலோ, சமநிலை வர்றதுக்கு முன்னாடி அவசரப்பட்டாலோ கணக்கு போச்சு. ஆவியை இழுக்கிற சிரிஞ்சு குளிர்ந்திருந்தா உள்சுவரில் பனி மாதிரி படிஞ்சுக்கும். சூடான பாட்டிலில் அழுத்தம் இருக்கும், ஊசியை வெளியே எடுத்ததும் கொஞ்சம் புஸ்ஸுன்னு போயிடும்.

இதுக்கு வந்த தீர்வுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1967இல் பெர்க்கின் எல்மர் கம்பெனி மக்காட்டாவோட முறையை வெச்சு எஃப்-40ன்னு ஒரு தானியங்கிக் கருவி கொண்டுவந்தது. அதில் சிரிஞ்சே கிடையாது! சூடான ஊசி ஒண்ணு மூடியைக் குத்தும். ஓடுற வாயுவை உள்ளே விட்டு பாட்டிலில் அழுத்தம் ஏத்தும். அப்புறம் சில செகண்டுக்கு அந்த வாயுவை நிறுத்தினா, பாட்டிலில் இருக்கிற ஆவி தன் அழுத்தத்தாலேயே குழாய்க்குள் ஓடும். மைக்ரோலிட்டரை அளக்கிற வேலையே போச்சு. அளக்க வேண்டியது நேரத்தை மட்டும். மனுஷக் கைக்கு வராத துல்லியம் கடிகாரத்துக்கு வரும் இல்லையா.

வெளியே வர்றதைக் கண்டுபிடிக்க ஹைட்ரஜன் சுடர். கார்பன் உள்ள பொருள் வந்து எரிஞ்சா மின்னோட்டம் ஏறும். 1950களின் கடைசியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ரத்தத்துக்கு இது வரப்பிரசாதம், ஏன்னா தண்ணி ஆவி வந்தாலும் சுடர் கண்டுக்காது. இன்னைக்கு நல்ல ஆய்வகத்தில் ஒரே ஆவியை ரெண்டு விதமான குழாய்க்குள் பிரிச்சு விடுவாங்க. ஒண்ணில் எத்தனால் மாதிரி வேஷம் போட்டது இன்னொண்ணில் மாட்டிக்கும்.

ஆய்வகம் இவ்வளவு சுத்தமா வேலை செய்யுது. சிக்கல் இப்போ நம்ம பக்கம். பாட்டிலுக்குள்ள போற ரத்தத்தை எடுக்கிறது யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு, வெளியே கூட்டம் கத்திக்கிட்டிருக்கும்போது, நாமதான்.

இப்போ தம்பி கேள்விக்கு வர்றேன். கணக்கு போடுவோம். 5 மில்லி ரத்தத்தில் சட்ட வரம்பு என்பது ஒண்ணரை மில்லிகிராம் எத்தனால். ஸ்பிரிட்ல ஒரு சொட்டு 0.05 மில்லின்னு வெச்சா, 90 சதவீத ஸ்பிரிட்டில் 35 மில்லிகிராம் எத்தனால் இருக்கும். ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ரெண்டரை மைக்ரோலிட்டர், ஊசியோடு உள்ளே போனா போதும். ஒரு துளிகூடக் குடிக்காத ஆள் வரம்பைத் தாண்டிடுவார். என் கேஸில் இருந்த அந்த எட்டு மில்லிகிராமுக்கு அரை மைக்ரோலிட்டருக்குக் கொஞ்சம் மேல போனாலே போதும். தோல் நல்லா காய்ஞ்சிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, தம்பி சொன்னது சரிதான். ஆனா காய்ஞ்சதான்னு கூண்டில் நின்னு சத்தியம் பண்ண முடியுமா?

"கேஸ் குரோமட்டோகிராஃபிதான் எல்லாத்தையும் பிரிச்சிருமே" என்று அடுத்த கேள்வி வரும். வெளிநாட்டுப் பாக்கெட் பஞ்சில் இருக்கிறது ஐசோபுரோப்பைல். அது தனி மலையா வரும், பிரச்சினை இல்லை. நம்ம ரெக்டிஃபைடு ஸ்பிரிட் எத்தனாலேதான். பஞ்சிலிருந்து வந்த எத்தனாலும் பிராந்திக் கடையிலிருந்து வந்த எத்தனாலும் ஒரே இடத்தில்தான் மலையா எழும்பும். எந்தக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாது.

சோடியம் ஃப்ளோரைடு ஏன்னும் சொல்லிடறேன். எடுத்த ரத்தம் மதுரை வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் மாதிரி ஒரு இடத்துக்கு பஸ்ஸில் போகணும். நம்ம வெயிலில் ரத்தத்துக்குள்ள கேண்டிடா போன்ற பூஞ்சை புகுந்தா, சர்க்கரையைத் தின்னு அதுவே சாராயம் காய்ச்சும். ஃப்ளோரைடு அந்த அடுப்பை அணைக்கும். டியூபை மேல்வரைக்கும் நிரப்புங்க. காலி இடம் விட்டா அங்கேயும் ஹென்றி விதிதான், மூடி திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். சவப் பரிசோதனையில் இன்னும் சிக்கல். அழுகும்போது உடலுக்குள்ளேயே எத்தனால் உண்டாகும், கூடவே கொஞ்சம் புரோப்பனாலும். சிவப்பு மொச்சையே வயலில் விளைஞ்சா கணக்கு என்ன ஆகும்? அதனாலதான் பல ஆய்வகங்கள் உடலில் உண்டாகாத டெர்ஷியரி பியூட்டனாலுக்கு மாறிடுச்சு. சாராயச் சாவுன்னு சந்தேகம் வந்தா உறுப்புகளை ஸ்பிரிட்டில் போடாம, உப்புக் கரைசலில் போடச் சொல்றதும் இதனாலதான்.

இவ்வளவும் ஒரு டிரைவரைப் பிடிக்கவா? இல்லை.

2023 மே, மரக்காணம் எக்கியார்குப்பமும் செங்கல்பட்டுப் பக்கமும்: 20க்கும் மேற்பட்டவங்க. 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம்: 60க்கும் மேற்பட்டவங்க. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் 1982 ஓணத்தன்னைக்கு வைப்பினில் 70க்கும் மேற்பட்டவங்க. எல்லாத்திலும் குற்றவாளி மெத்தனால்.

மெத்தனால் குடிச்சவர் முதல் சில மணி நேரம் சாதாரணக் குடிகாரர் மாதிரிதான் இருப்பார். கல்லீரல் அதை மெதுவா ஃபார்மிக் அமிலமா மாத்தும். பாதி நாள், ஒரு நாள் கழிச்சுத்தான் வயித்துவலி, வாந்தி, மூச்சிரைப்பு, "கண்ணு முன்னாடி பனி மூட்டமா இருக்கு சார்". அதுக்குள்ள பார்வை நரம்பு போயிருக்கும். கூட எத்தனாலும் குடிச்சிருந்தா அறிகுறி இன்னும் தள்ளிப்போகும், ஏன்னா நொதி எத்தனாலைத்தான் முதல்ல கவனிக்கும். அதையே மருந்தாவும் கொடுக்கிறோம். ஃபோமெபிசோல் கிடைச்சா அது, இல்லைன்னா அளந்து எத்தனால், கூடவே பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், டயாலிசிஸ்.

கள்ளக்குறிச்சியில் சாராயத்தின் மாதிரிகள் விழுப்புரம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய் மெத்தனால்னு உறுதியாச்சு. ஆனா அது உறுதியாகிறதுக்கு முன்னாடி ஓடின மணி நேரம் இருக்கே, அதில்தான் பக்கத்துத் தெருவில் இன்னும் பாக்கெட் பிரிஞ்சுக்கிட்டிருந்தது. வயித்துப்போக்கா, வேற ஏதாவதா என்ற குழப்பத்தில் சிலர் ஆஸ்பத்திரிக்கே வராம வீட்டில் படுத்திருந்தாங்கன்னு அப்போதே செய்தி வந்தது. ஒரு மலை முன்னாடி, ஒரு மலை பின்னாடின்னு சில நிமிஷத்தில் பிரிச்சுக் காட்டுற கருவி எந்த ஊரில் இருக்கு, ரத்தம் அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது ரசாயனக் கேள்வி இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரி இருக்கு. அதில் ஒவ்வொண்ணிலும் ஆவி முறையில் மெத்தனால் பார்க்கிற வசதி இருக்கணும், ராத்திரியும் இயங்கணும்னு நான் நினைக்கிறேன். செலவு அதிகம்தான். ஒரு கேத் லேப்போடு ஒப்பிட்டுப் பாருங்க.

அது வர்ற வரைக்கும் கேஷுவாலிட்டியில் இருக்கிற ஜூனியர்களுக்கு: மெத்தனால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீங்க. ஒரே தெருவிலிருந்து ரெண்டு பேர் வாந்தியோடும் மங்கலான பார்வையோடும் வந்தா, ஏபிஜியில் அமிலம் ஏறி பைகார்ப் தரைமட்டமா இருந்தா, சிகிச்சையை ஆரம்பிச்சுட்டு, ரத்தத்தை எடுத்து ஃப்ளோரைடில் போட்டு வெச்சுட்டு, மேலே போன் பண்ணுங்க. மூணாவது ஆள் வர்ற வரைக்கும் யோசிச்சுக்கிட்டு நிற்க வேண்டாம்.

கமெண்டில் ஒருத்தர், "ஊதுற மெஷினே போதாதா டாக்டர்?" என்று கேட்டிருக்கார். அதுவும் ஹென்றி விதிதான். நுரையீரல்தான் பாட்டில், மூச்சுதான் ஆவி. ரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2,100க்கு 1 என்று ஒரு பொது விகிதம் வெச்சுக் கணக்கு போடுது. ஆனா ஆளுக்கு ஆள் அந்த விகிதம் கொஞ்சம் மாறும், வாயில் இப்பதான் சரக்கு பட்டிருந்தா தப்பா ஏறும். ரோட்டோரத்துக்குப் போதும். மயக்கமா கிடக்கிறவரை ஊதச் சொல்ல முடியாதே. 2019 திருத்தத்தில் 185ஆவது பிரிவில் ஆய்வகப் பரிசோதனையையும் சேர்த்தது நல்ல விஷயம்.

இப்போ எங்க டியூட்டி ரூமில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தனியா இருக்கு. உள்ளே ஸ்பிரிட் கலக்காத போவிடோன் அயோடின், உலர்ந்த பஞ்சு, ஃப்ளோரைடு டியூப், புது சிரிஞ்சு, சீல் வைக்க அரக்கு. எதை வெச்சுத் துடைச்சோம், எத்தனை மணிக்கு எடுத்தோம்னு எழுத ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் செஞ்சு வெச்சிருக்கேன். டப்பா மேல "குடி கேஸுக்கு மட்டும், ஸ்பிரிட் கூடாது" என்று நான் எழுதி ஒட்டினது யாருக்கும் புரியலைன்னு சிஸ்டர் கிழிச்சுப் போட்டுட்டு, அவங்க கையெழுத்தில் பெருசா எழுதி ஒட்டியிருக்காங்க. தம்பி அதைப் பார்த்துட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.